இலை பழுப்பது ஏன்?

மன்னார் மாவட்ட நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு

பயிரின் இலை மஞ்சளாகக் கண்டதும் யூறியாப் பையைத் தேடும் வழக்கம் கமக்காரர் பலரிடம் உண்டு. மஞ்சள் நிறம் பசளைக் குறைவின் அடையாளம் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் சில வேளைகளிற் சரியாகும். பல வேளைகளிற் பிழையாகும். பிழையாகும்போது பசளைக்குச் செலவிட்ட பணம் வீணாவதோடு, பயிரின் உண்மையான குறையும் தீராது நிற்கும். ஆதலின், இலை ஏன் மஞ்சளாகின்றது, எந்த இலை முதலில் மஞ்சளாகின்றது, இலையின் எப்பகுதி மஞ்சளாகின்றது என்பவற்றை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

குளிர்நாட்டு மரமும் மன்னார் மரமும்

கனடாவில் வாழும் உறவினர் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அனுப்பும் படங்களில், மரங்கள் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்நாட்டுக் கொடியிற் காணப்படும் மேப்பிள் இலையும் அக்காலத்தில் நிறம் மாறி உதிர்வதே. அங்கே மாரியில் நிலத்து நீர் உறைந்துவிடும். வேர் நீரை உறிஞ்ச இயலாத காலத்தில் அகன்ற இலைகளைத் தாங்கி நின்றால் மரம் உலர்ந்து போகும். ஆகவே குளிர் வருமுன்னரே மரம் இலைகளை நீக்கிவிடுகின்றது.

குளிர் வரப்போவதை மரம் எவ்வாறு அறிகின்றது? பகற்பொழுது குறுகுவதைக் கொண்டே பெரும்பாலும் அறிகின்றது. ரொறன்ரோ நகரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. மன்னாரில் அவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. உறையும் குளிரும் இங்கு இல்லை. எனவே கனடாவைப் போன்ற இலையுதிர் காலம் நமக்கு இல்லை.

ஆயினும் இலையுதிர்தல் நமக்கும் உண்டு. இங்கே மரத்தை அச்சுறுத்துவது குளிரன்று, வறட்சியாகும். நமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்துவிடுகின்றது. அதன் பின்னர் நிலம் காய்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று எஞ்சிய ஈரத்தையும் கொண்டு போகின்றது. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம், பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, வறட்சியில் இலையின்றி நிற்பதை அறிவீர்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்து உடனே புதுத்தளிர் விடுகின்றது. நாட்டு வாதுமையின் பேரிலைகள் உதிருமுன் செந்நிறமடைவதையும், பூவரசின் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி வேலியோரத்தில் விழுவதையும் நாள்தோறும் காண்கின்றோம். கனடாவின் மேப்பிளிலும் நமது பூவரசிலும் நிகழும் செயல் ஒன்றே. அதனை விளங்கிக்கொண்டால் வயலிலும் தோட்டத்திலும் காணும் மஞ்சளையும் விளங்கிக்கொள்ளலாம்.

இலைக்குள் நிகழ்வது யாது?

இலைக்குப் பச்சை நிறத்தைக் கொடுப்பது பச்சையம் என்னும் பொருளாகும். வெயிலின் வலிமையைப் பற்றி, காற்றையும் நீரையும் கொண்டு மாப்பொருளை ஆக்குவதற்கு அது துணைபுரிகின்றது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நைதரசன் உண்டு. அதன் நடுவில் மகனீசியம் உண்டு. பச்சையம் உருவாவதற்கு இரும்பும் வேண்டும். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்க.

பச்சையத்துடன் மஞ்சள் நிறப் பொருள்களும் இலையிற் பிறப்பிலிருந்தே உள்ளன. பச்சை மிகுந்திருக்கும்வரை அம்மஞ்சள் வெளியே தெரிவதில்லை. இலை முதிரும்போது பச்சையம் சிதைகின்றது. மறைந்திருந்த மஞ்சள் தோன்றுகின்றது. எனவே, இலை பழுக்கும்போது மஞ்சள் புதிதாக வந்து சேர்வதில்லை. பச்சை நீங்குவதனால் தெரியவருகின்றது. சிவப்பு நிறம் இதற்கு வேறானது. இலையில் எஞ்சிய சர்க்கரையைக் கொண்டு, பழுக்குங் காலத்திற் புதிதாக ஆக்கப்படும் சாயமே பெரும்பாலும் சிவப்பைத் தருகின்றது.

பச்சையத்தைச் சிதைப்பதனால் மரத்துக்கு என்ன பயன்? இதுவே கமக்காரர் முதன்மையாக அறியவேண்டியது. இலையிலுள்ள நைதரசனின் ஏறக்குறைய முக்காற்பங்கு, பச்சையம் தங்கியிருக்கும் நுண்ணிய பைகளிலே அடங்கியுள்ளது. மரம் அவற்றைப் பிரித்து நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலியவற்றைக் கரைத்து, காம்பின் வழியாகக் கிளைக்கும் வேருக்கும் குருத்துக்கும் திருப்பி அனுப்புகின்றது. இலையில் இருந்த நைதரசனில் ஏறக்குறைய பாதியை அல்லது அதற்கு மேற்பட்ட பங்கை மரங்கள் இவ்வாறு மீட்டுக்கொள்கின்றன. மீட்பு முடியுந்தறுவாயிற் காம்பின் அடியில் மெல்லிய உதிர்படை ஒன்று உண்டாகி இலையைப் பிரிக்கின்றது. காயம் ஆறிய இடத்திலிருந்தே இலை விழுவதனால் மரத்துக்குத் தீங்கு இல்லை.

பழுத்தோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பர். உண்மையில், பழுத்தோலை கொடுத்துச் சென்ற உணவைக் கொண்டே குருத்தோலை வளர்கின்றது.

நெல் பழுக்கும்போது

நெற்பயிரும் இதையே செய்கின்றது. கதிர் வெளிவந்து மணி பால்கட்டும் காலத்தில், அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்குகின்றன. அவ்விலைகளிலும் தண்டிலும் சேர்ந்திருந்த நைதரசன் மணிக்குச் செல்கின்றது. நெல்மணியில் அடங்கும் நைதரசனின் பெரும்பகுதி இவ்வாறு இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் வந்ததே. கதிருக்கு அடுத்துள்ள கொடியிலை கடைசியிலேயே பழுக்கும். மணி முற்றும்வரை அது பச்சையாக நின்று உணவு ஆக்குதல் வேண்டும்.

பூத்த பின்னர் அடியிலை பழுப்பதைக் கண்டு யூறியா இடுதல் பயனற்றது. நமது நாட்டில் நெல் பூத்து ஏறக்குறைய முப்பது நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அக்காலத்தில் இட்ட நைதரசன் விளைச்சலைக் கூட்டாது. பயிர் மென்மையாகிச் சாய்வதற்கும், கபிலநிறத் தத்தி பெருகுவதற்கும் அது இடங்கொடுக்கும். ஆனால், மணி பால்கட்டும்போதே கொடியிலை மஞ்சளாகுமாயின் அது இயல்பான பழுத்தலன்று. பயிர் முன்னரே பசித்திருந்தது என்பதையோ, நோயோ பூச்சியோ தாக்கியுள்ளது என்பதையோ அது காட்டுகின்றது.

எந்த இலை முதலில் மஞ்சளாகின்றது?

பயிருக்குத் தேவையான ஊட்டங்கள் எல்லாம் ஓரிலையிலிருந்து மற்றோரிலைக்கு நகரக்கூடியவை அல்ல. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை எளிதில் நகர்வன. மண்ணில் இவை குறையும்போது பயிர் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்குக் கொடுக்கின்றது. குறை முதலில் அடியிலையிலே தோன்றும். இரும்பும் கல்சியமும் ஓரிடத்திற் படிந்தபின் இலகுவில் நகர்வதில்லை. அவை குறைந்தால் முதிர்ந்த இலை பச்சையாகவே இருக்கும். குருத்தே முதலில் வெளிறும்.

எனவே, மஞ்சளைக் கண்டதும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது: அடியிலையா, குருத்திலையா? இக்கேள்விக்கு விடை காணாது பசளைப் பையை அவிழ்த்தல் ஆகாது.

மஞ்சளின் வகைகள்

1. அடியிலை முழுவதும் மஞ்சளாதல். நுனியிலிருந்து தொடங்கி நடுநரம்பு வழியே உட்செல்லும் மஞ்சள், வயல் முழுவதும் ஒரே சீராக வெளிறிய தோற்றம், குன்றிய வளர்ச்சி, குறைந்த மட்டங்கள் ஆகியவை நைதரசன் குறைவின் அடையாளங்கள். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் அது நீக்கப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போகப் பயிருக்கு யூறியா காலத்திற் கிடைக்கவில்லை. அப்போகத்தில் வயல்கள் வெளிறி நின்றமையும், நாட்டின் நெல் விளைச்சல் குறைந்தமையும் யாவரும் அறிந்தவை. அதனைக் கண்டவர் மஞ்சளைக் கண்டு அஞ்சுதல் இயல்பே. எனினும் இவ்வகை மஞ்சளுக்கு மட்டுமே யூறியா மருந்தாகும்.

2. அடியிலையின் ஓரமும் நுனியும் கருகுதல். நடுப்பகுதி பச்சையாயிருக்க, ஓரம் மஞ்சளாகிப் பின் கபில நிறமடைந்தால் பொற்றாசியம் குறைந்திருக்கலாம். வைக்கோலில் இவ்வூட்டம் மிகுதியாக உண்டு. வைக்கோலை எரிக்காது வயலிற் பரப்பி உழுதல் நன்று.

3. அடியிலையின் நரம்புகள் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருத்தல். இது மகனீசியக் குறைவாகலாம். மணற்பாங்கான தோட்டங்களில் மிளகாய், தக்காளி ஆகியவற்றிற் காணலாம்.

4. குருத்திலையின் நரம்புகள் பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் இருத்தல். இது இரும்புக் குறைவின் அடையாளம். கடற்கரை மணலிற் சிப்பித் துணுக்கும் சுண்ணாம்பும் கலந்திருக்கும் இடங்களில் இதனை எதிர்பார்க்கலாம். அவ்விடங்களில் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. நிலக்கடலை இதனால் விரைவில் தாக்கப்படும். எவ்வளவு யூறியா இட்டாலும் குருத்து பச்சையாகாது. ஓர் இலீற்றர் நீருக்கு 5 கிராம் பெரசுச் சல்பேற்று, 1 கிராம் சித்திரிக்கமிலம் என்ற அளவிற் கரைத்து, மாலையில் இலையின்மேற் தெளித்தால் குருத்து தெளிவடையும். முதலிற் சில செடிகளிற் தெளித்துப் பார்த்த பின்னரே தோட்டம் முழுவதும் தெளிக்குக.

5. நரம்புகள் மஞ்சளாகவும் இடைவெளி பச்சையாகவும் இருத்தல். இது மேற்கூறியதற்கு நேர்மாறானது. வெண்டியில் இத்தோற்றம் மஞ்சள் நரம்புச் சித்திரவடிவ நோயினால் உண்டாகின்றது. இது வெண்ணிற ஈ காவிவரும் வைரசு நோய். எப்பசளையும் எம்மருந்தும் நோயுற்ற செடியை மாற்றா. அதனை உடனே பிடுங்கி அழித்து, மற்றச் செடிகளைக் காத்தல் வேண்டும். அடுத்த முறை நோயைத் தாங்கும் இனத்தை நடுதல் வேண்டும்.

6. வயலில் வட்டம் வட்டமாக மஞ்சளாதல். ஊட்டக் குறைவு பொதுவாகப் பரவலாகத் தோன்றும். வட்டமாகத் தோன்றி நாளுக்கு நாள் விரிந்து காய்ந்தால் பயிரின் அடியை விலக்கிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கபிலநிறத் தத்திகள் மொய்த்திருக்கலாம். இந்நிலையில் யூறியா இடுதல் பூச்சிக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

7. இலை நுனி வெளுத்தும் ஓரம் எரிந்தும் போதல். உவர் பட்ட நிலத்தில் இது நிகழும். கடலோர வயல்களில் தாழ்ந்த மூலைகளிலும், உவர் பூத்த திட்டுகளிலும் முதலிற் காணப்படும். யூறியாவும் ஓர் உப்பே போன்று நீரிற் கரைந்து, தாகத்திலிருக்கும் வேருக்கு மேலும் சுமையாகலாம். இங்கே முதற்றேவை நல்ல நீரைக் கட்டி உவரைக் கழுவி வடியவிடுதல்.

8. நீர் தேங்கியதால் மஞ்சளாதல். கடும் மழைக்குப் பின் மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவை சடுதியாக வெளிறினால், வேருக்குக் காற்றில்லை என்பது பொருள். முருங்கன் பகுதியிலுள்ள, கோடையில் வெடித்து மாரியில் ஒட்டும் கரிய களிமண் நீரை எளிதில் வடியவிடாது. அங்கே உயர்ந்த பாத்தியும் ஆழமான வடிகாலும் பசளைக்கு முன் வேண்டப்படுவன.

தீவுப்பகுதித் தோட்டக்காரருக்கு ஒரு சொல்

பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி முதலிய தீவுப்பகுதிகளில், மணலுக்குள் இறங்கிய மழைநீர், பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. வலிய இயந்திரம் வைத்து நீண்ட நேரம் இறைத்தால், மேலுள்ள நன்னீர் தீர்ந்து கீழுள்ள உவர் ஏறும். காலையில் நன்றாயிருந்த கிணறு மாலையிற் கரிப்பது இதனாலே. சிறிது சிறிதாக இறைத்து, கிணறு ஊற இடைவெளி விடுக. உவர் கலந்த நீரை இலையின்மேற் பாய்ச்சாது அடியில் ஊற்றுக. கோடை இறுதியில் இலையோரம் எரியக் காணின், பசளையைக் கூட்டுமுன் கிணற்று நீரின் உவர்த்தன்மையைச் சோதிப்பித்துக்கொள்க.

இலை நிற அட்டை

கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணுவோர், மேற்கட்டுப் பசளை தேவையா என்பதைக் கண்ணளவில் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசிய நாடுகளிற் பரப்பிய இலை நிற அட்டை இதற்கு உதவும். வெளிறிய பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாக நிறங்கள் அமைந்த சிறு பட்டை அது. பயன்படுத்தும் முறை வருமாறு:

விதைத்து மூன்று வாரத்தின் பின் தொடங்கி, பூக்கத் தொடங்கும்வரை, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வயலின் பல இடங்களில் நோயற்ற பத்துப் பயிர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முற்றாக விரிந்த மேலிலையின் நடுப்பகுதியை அட்டையின்மேல் வைத்து நிறத்தை ஒப்பிட வேண்டும். வெயில் நேரே படாது உங்கள் உடலின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் காலையில் ஒரே நேரத்தில் ஒருவரே பார்த்தல் நன்று. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் உங்கள் இனத்துக்கும் விதைப்பு முறைக்கும் குறிக்கப்பட்ட நிறத்திலும் வெளிறியிருந்தால் மட்டுமே யூறியா இடுக.

இங்கு ஒரு கணக்கைக் கவனியுங்கள். 50 கிலோகிராம் யூறியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. நீர் வற்றிய வயலில் வெயிலில் இட்டால் அதில் ஒரு பங்கு காற்றோடு போகும். நீர் வழிந்தோடும் வயலில் இட்டால் ஒரு பங்கு வாய்க்காலோடு போகும். களை எடுத்து, வரம்பை அடைத்து, அளவான நீர் நிற்கையில் இடுவதே முறை.

உதிர்ந்த இலையும் பச்சை இலையும்

மரம் ஊட்டத்தை மீட்டுக்கொண்ட பின்னரே இலையை உதிர்க்கின்றது என்று கண்டோம். ஆதலின் உதிர்ந்த சருகில் நைதரசன் குறைவு. அதனைப் பயிருக்கு நேரே பசளையாகப் புதைத்தால், சருகை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் தமக்கென எடுத்துக்கொள்ளும். பயிர் சில வாரங்களுக்கு மேலும் மஞ்சளாகும். பூவரசு, கிளிசரிடியா ஆகியவற்றின் பச்சைக் குழையோ மரம் மீட்டுக்கொள்ளுமுன் வெட்டப்படுவது. ஆகையால் அதில் நைதரசன் முழுமையாக உண்டு. பசுந்தாட்பசளைக்குப் பழுத்த இலையைக் காத்திராது குழையை வெட்ட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

எனினும் சருகு பயனற்றதன்று. மரத்தால் மீட்க முடியாத கல்சியம் அதிலே தங்கியுள்ளது. மணல்நிலத்தின் பெருங்குறை நீரைத் தாங்காமை. சருகு உக்கினால் அக்குறை தணியும். மிளகாய், கத்தரிப் பாத்திகளில் அதனை மேலே பரப்பினால் சோளகக் காற்றில் ஈரம் நிற்கும். உவர் மேலெழுவதும் குறையும். மாட்டெருவும் பச்சைக் குழையும் சேர்த்துக் குவித்துக் கூட்டெரு ஆக்கினால் இன்னும் நன்று. கூட்டிக் குவித்து எரித்தால், எஞ்சிய நைதரசனும் புகையாகப் போகும். கையில் நிற்பது சிறிது சாம்பலே.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பூத்தபின் நெல்லின் அடியிலை பழுத்தல் இயல்பு; யூறியா இடவேண்டாம். கதிரிலுள்ள மணிகளில் நூற்றுக்கு எண்பது முதல் எண்பத்தைந்து வரை வைக்கோல் நிறமடைந்ததும் அறுவடை செய்க.

மஞ்சளைக் கண்டால் முதலில் அடியிலையா குருத்தா என்று பாருங்கள். அடுத்து, இலை முழுவதுமா, ஓரமா, நரம்பிடையா, நரம்பா என்று பாருங்கள். பின்னர், வயல் முழுவதுமா, வட்டமா, தாழ்ந்த மூலையா என்று பாருங்கள். இம்மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும். தவறாக இட்ட ஒரு பை பசளையின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவே.

ஐயம் இருப்பின், மஞ்சளான இலையை மட்டும் கிள்ளி வராது, வேரோடு ஒரு பயிரையும், அருகில் நலமாக நிற்கும் மற்றொரு பயிரையும் பிடுங்கி, ஈரச் சாக்கிற் சுற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ காட்டுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் எவ்வாறு எடுத்துச் சோதிப்பிப்பது என்பதையும் அங்கே அறிந்துகொள்ளலாம்.